ஐந்தால் வகுப்பதா, நான்கால் வகுப்பதா

நேற்று இரவு அந்தக் கணக்கு முடிந்தது. விடை முதல் நாளே கையில் இருந்தது. அந்த விடை ஏன் சரி என்று புரிய இன்னும் நான்கு மாலைகள் ஆயின. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கல்லூரி முதலாண்டுப் பொருளியல், புள்ளியியல், புரோகிராமிங் மூன்றையும் கலந்து நானாகவே கணக்குகளாகப் போட்டு வருகிறேன். ஒவ்வொரு கணக்கையும் முதலில் தாளில் போடுவது, அப்புறம் பைத்தான் நிரல்மொழியில் எழுதிச் சரிபார்ப்பது என்று வைத்திருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த கணக்கு. தடுமாற வைத்தது இந்த வழக்கம்தான். கடைசியில் சொல்லிக் கொடுத்ததும் இதுவே.

கணக்கு மிகச் சின்னது. 3, 5, 6, 6, 10 என்று ஐந்து எண்கள் கொண்ட ஒரு மாதிரி, அதாவது பெரிய தொகுதி ஒன்றிலிருந்து எடுத்த சிறு பகுதி. எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் விலக்க வர்க்கச் சராசரி, அதாவது வேரியன்ஸ், காண வேண்டும். சராசரி 6. சராசரியிலிருந்து ஒவ்வொரு எண்ணின் விலக்கத்தையும் வர்க்கமாக்கினால் 9, 1, 0, 0, 16. கூட்டினால் 26. மாதிரி என்பதால் 4 ஆல் வகுக்க வேண்டும், 6.5. விடைப்பகுதியிலும் 6.5. பைத்தானில் நம்பை என்ற கணிதத் தொகுப்பைக் கொண்டு போட்டேன், 5.2 என்றது. அதே எண்களைப் பாண்டாஸ் என்ற இன்னொரு தொகுப்பில் கொடுத்தால் 6.5. ஒரே புரோகிராமில், ஒரே ஐந்து எண்களுக்கு, அடுத்தடுத்த இரண்டு வரிகளில் இரண்டு விடைகள்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. 26 ஐ 5 ஆல் வகுத்தால் 5.2. நம்பையின் இயல்பு அமைப்பு, இருக்கும் எண்கள் எத்தனையோ அத்தனையால் வகுப்பது. எத்தனையைக் கழித்து வகுப்பது என்று சொல்லும் டிடிஓஎஃப் என்ற அளவுருவை 1 என்று மாற்றினால் 6.5 வந்துவிடும். பாண்டாஸில் அது முதலிலேயே 1. ஆர் மொழியின் வேரியன்ஸ் சார்பும் ஒன்றைக் கழித்துத்தான் வகுக்கிறது. பைத்தானோடு வரும் புள்ளியியல் தொகுப்பிலும் எக்செல்லிலும் மாதிரிக்கு ஒன்று, முழுத்தொகுதிக்கு ஒன்று என இரண்டு தனிச் சார்புகள் இருக்கின்றன. புதிதாக ஒரு கருவியைத் தொடும்போதெல்லாம் 3, 5, 6, 6, 10 ஐக் கொடுத்துப் பார்ப்பதை இப்போது பழக்கமாக்கிக்கொண்டேன். 6.5 வந்தால் ஒரு வகை, 5.2 வந்தால் இன்னொரு வகை. கையேட்டைப் புரட்டுவதைவிட இது வேகம்.

சரி, எதால் வகுக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. ஏன் ஒன்றைக் கழிக்க வேண்டும்? பார்த்த விளக்கங்கள் எல்லாமே "டிகிரீஸ் ஆஃப் ஃபிரீடம் ஒன்று குறைகிறது" என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. ஐந்து விலக்கங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம், அதனால் நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாகத் தெரிந்துவிடும் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதிலிருந்து "ஆகவே நான்கால் வகு" என்று எப்படித் தாவுவது? நடுவில் ஒரு படி காணாமல் போயிருக்கிறது. படிப்பவர் இதை அப்படியே ஏற்றுக்கொள்வார் என்று பாடம் எழுதுகிறவர்கள் நினைப்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவழைக்கிறது. மொத்தப் பாடத்திலும் மாணவர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். அங்கேதான் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் நாள் பகடையில் சோதித்தேன். ஆறு முகப் பகடையின் உண்மையான வேரியன்ஸ் 35/12, சுமார் 2.917. கணினியில் ஐந்து முறை உருட்டி வேரியன்ஸ் காண்பது, அதையே லட்சம் தடவை திரும்பச் செய்து சராசரி எடுப்பது. 5 ஆல் வகுத்த சராசரி 2.33 ஐ ஒட்டி நின்றது. 4 ஆல் வகுத்தது 2.92 ஐ ஒட்டி. திரும்பத் திரும்ப ஓட்டினாலும் அதேதான். ஆக, ஐந்தால் வகுத்தால் உண்மை மதிப்பில் ஐந்தில் நான்கு பங்குதான் கிடைக்கிறது, அதுவும் தற்செயலாக அல்ல. இதனால் நம்பிக்கை வந்தது. காரணம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் செய்தது எனக்கே பிடித்துப்போனது. சிமுலேஷனை ஒதுக்கிவிட்டு, முழுவதையும் கையாலேயே எண்ணி முடிக்கக்கூடிய ஒரு குட்டித் தொகுதியை எடுத்தேன்: 0, 2, 4. அவ்வளவுதான் முழுத்தொகுதி. சராசரி 2, வேரியன்ஸ் 8/3. இதிலிருந்து திரும்ப வைத்து எடுக்கும் முறையில் இரண்டிரண்டாக எடுத்தால் மொத்தம் ஒன்பது மாதிரிகள். ஒன்பதையும் எழுதினேன்.

ஒரே எண் இரண்டு முறை வரும் மாதிரிகள் மூன்று. அவற்றில் விலக்க வர்க்கக் கூட்டுத்தொகை 0. இரண்டு வித்தியாசம் உள்ளவை நான்கு, ஒவ்வொன்றிலும் 2. நான்கு வித்தியாசம் உள்ளவை இரண்டு, ஒவ்வொன்றிலும் 8. மொத்தம் 8 + 16 = 24. ஒன்பதால் வகுத்தால் சராசரியாக 8/3. இரண்டில் ஒன்று போனால் ஒன்று, ஆக ஒன்றால் வகுத்தால் அதே 8/3. முழுத்தொகுதியின் வேரியன்ஸ் அச்சுப் பிசகாமல் வந்து நிற்கிறது! இரண்டால் வகுத்தால் 4/3, சரியாகப் பாதி. இதில் தோராயமே கிடையாது, ஒன்பது வரிதான்.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது (0, 0) என்ற மாதிரியில் கண் நின்றது. உண்மையான சராசரி 2. அங்கிருந்து அளந்தால் ஒவ்வொரு எண்ணும் இரண்டு தள்ளி இருக்கிறது, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 8. ஆனால் மாதிரிக்கு 2 என்பது தெரியாது. அது தன்னுடைய சராசரியான 0 இலிருந்து அளக்கிறது, சிதறலே இல்லை என்கிறது. (0, 2) வில் உண்மையான சராசரியிலிருந்து 4, தன் சராசரியிலிருந்து 2. (0, 4) இல் மட்டும் இரண்டும் 8. மாதிரியின் சராசரி அந்த மாதிரியின் நடுவிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து அளந்தால் வர்க்கக் கூட்டுத்தொகை வேறெந்தப் புள்ளியிலிருந்து அளப்பதையும் விடக் குறைவாகத்தான் வரும். ஒருபோதும் கூடாது. குறைச்சல் ஒரே பக்கமாகவே நடப்பதால்தான் லட்சம் தடவை சராசரி எடுத்தாலும் அது சரியாகவில்லை.

எவ்வளவு குறைகிறது என்பதையும் ஒன்பது வரிகளுக்கும் எழுதினேன். (0, 0) இல் 8, (4, 4) இல் 8, இரண்டு வித்தியாசமுள்ள நான்கிலும் தலா 2, மற்றவற்றில் ஒன்றுமில்லை. கூட்டினால் 24, சராசரி 8/3. அதாவது சரியாக ஒரு வேரியன்ஸ் அளவு. உண்மையான சராசரியிலிருந்து அளந்திருந்தால் சராசரியாக இரண்டு வேரியன்ஸ் கிடைத்திருக்கும். மாதிரியின் சராசரியிலிருந்து அளந்ததில் ஒன்று போய்விட்டது. மிச்சம் ஒன்று. அந்தக் "கழித்தல் ஒன்று" இதுதான்!

நான்காம் நாள் அதையே இயற்கணிதமாக எழுதினேன். உண்மையான சராசரியிலிருந்து எடுத்த வர்க்கக் கூட்டுத்தொகை, மாதிரிச் சராசரியிலிருந்து எடுத்த வர்க்கக் கூட்டுத்தொகையையும், இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி மாதிரியின் அளவால் பெருக்கியதையும் சேர்த்தால் வரும் தொகைக்குச் சமம். மாதிரிச் சராசரியின் வேரியன்ஸ் என்பது தொகுதியின் வேரியன்ஸை மாதிரியின் அளவால் வகுத்தது. ஆக அந்தப் பெருக்கலும் இந்த வகுத்தலும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. மாதிரியில் ஐந்து எண் இருந்தாலும் ஐந்நூறு இருந்தாலும் தொலைவது எப்போதும் ஒரே ஒரு வேரியன்ஸ்தான். இதற்குப் பெசல் திருத்தம் என்று பெயர். ஒன்பது வரித் தாள் இல்லாமல் இந்த இயற்கணிதத்தை முதலில் பார்த்திருந்தால் எனக்கு மனதில் ஒட்டியிருக்காது.

ஐந்தாம் நாள் ஒரு நெருடலில் போனது. வேரியன்ஸின் வர்க்கமூலமான திட்ட விலக்கமும் இதே போலச் சரியாக வருமா என்று அதே ஒன்பது மாதிரிகளில் பார்த்தேன். வரவில்லை. ஒன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒன்பதின் சராசரி சுமார் 1.257. உண்மை 1.633. வேரியன்ஸுக்குத்தான் திருத்தம் கச்சிதமாக வேலை செய்கிறது, வர்க்கமூலம் எடுத்ததும் பிறழ்ச்சி திரும்பி வந்துவிடுகிறது. வர்க்கமூலங்களின் சராசரி, சராசரியின் வர்க்கமூலத்தைவிடக் குறைவாக இருப்பதால் வரும் விளைவு இது. இதைப் பாடங்களில் ஓரமாகவாவது சொல்லியிருக்கலாம்.

இத்தனை மாலைகள் போனதில் மற்ற இரண்டு பாடங்கள் பின்தங்கிவிட்டன. அவற்றையும் கொஞ்சம் சொல்கிறேன்.

பொருளியலில் வரிச்சுமை யார் மேல் விழுகிறது என்ற பகுதியில் இருக்கிறேன். தேவை 100 – 2P, அளிப்பு 3P, இதில் P விலை. சமநிலை விலை 20, அளவு 60. விற்பவர் மேல் ஓர் அலகுக்கு 5 வரி போட்டால் வாங்குபவர் தரும் விலை 23, விற்பவர் கையில் மிஞ்சுவது 18, அளவு 54. அதே வரியை வாங்குபவர் மேல் போட்டும் பார்த்தேன். சந்தை விலை 18 ஆகிறது, வரியோடு வாங்குபவர் தருவது 23. எல்லாம் அதேதான். வரியை யாரிடம் வசூலிக்கிறார்கள் என்பதற்கும் யார் சுமக்கிறார்கள் என்பதற்கும் சம்பந்தமில்லை என்று வாசித்தபோது நான் அரைகுறையாகத்தான் நம்பினேன். இரண்டு பக்கமும் போட்டு 23 வந்ததும் சந்தேகம் போய்விட்டது.

வரியை 10 ஆக்கினால் அளவு 48. டெட்வெயிட் லாஸ், அதாவது வரியால் நடக்காமல் போன வியாபாரத்தின் இழப்பு, 15 இலிருந்து 60 க்குப் போகிறது. வரி இரண்டு மடங்கு, இழப்பு நான்கு மடங்கு. வரைபடத்தில் அந்த இழப்பைக் காட்டும் முக்கோணத்தின் அடியும் உயரமும் சேர்ந்து வளர்வதால் அப்படி. வரி 0 இலிருந்து 50 வரை ஓட ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல், எழுதினேன். வருவாய் வரி 25 இல் 750 என்ற உச்சத்தைத் தொட்டு இறங்குகிறது. 50 இல் பூஜ்யம் வர வேண்டும், என் அட்டவணை 49 இலேயே நின்றுவிட்டது. எண்வரிசை தரும் பைத்தானின் ரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்க்காது என்பது தெரிந்தும் கை பழகவில்லை. 51 என்று மாற்றியதும் கடைசி வரி வந்தது.

புரோகிராமிங்கில் எழுதியே ஆக வேண்டியது ஒன்றுதான். 0 இலிருந்து தொடங்கி 0.1, 0.1 ஆகக் கூட்டி, 1 க்குச் சமமாகும் வரை ஓடச் சொன்ன லூப் நிற்கவே இல்லை. அச்சிட்டுப் பார்த்தால் பத்தாவது கூட்டலில் 0.9999999999999999, அடுத்தது 1.0999999999999999. 1 ஐத் தொடாமலே தாண்டிவிடுகிறது. தசமத்தில் மூன்றில் ஒன்றை முடிவாக எழுத முடியாதது போல கணினி பயன்படுத்தும் இருமத்தில் பத்தில் ஒன்றை முடிவாக எழுத முடியாது. இப்போது முழு எண்ணில் எண்ணிக்கொண்டு கடைசியில் 10 ஆல் வகுக்கிறேன். துல்லியம் தேவைப்படும் கணக்குகளில் பின்னங்களுக்கான ஃப்ராக்ஷன் தொகுப்பு. அந்த ஒன்பது மாதிரிகளையும் அதில் போட்டேன், 8/3 என்று பின்னமாகவே வந்தது. 2.6666666666666665 என்று பார்ப்பதைவிட அது எவ்வளவோ நிறைவு.

கணக்குகள் எங்கே கிடைக்கின்றன என்றும் சொல்லிவிடுகிறேன். எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரில் பல பாடங்களுக்குக் கணக்குத் தொகுப்புகள் விடைகளோடு இலவசமாக இருக்கின்றன. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் அறிமுகப் பாடப்புத்தகங்களையே இலவசமாகத் தருகிறது. நான் வைத்திருக்கும் வேறொரு பயிற்சிப் புத்தகத்தின் விடைப்பகுதியில், விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்று பார்க்கும் நெகிழ்ச்சிக் கணக்கு ஒன்று தவறாக இருந்தது. விலை 4 இலிருந்து 6 க்குப் போவதை நடுப்புள்ளி முறையில் போடச் சொல்லிவிட்டு, விடையில் விலை மாற்றத்தை 50 சதவீதம் என்று எடுத்திருக்கிறார்கள். நடுப்புள்ளி 5, மாற்றம் 2, ஆகவே 40 சதவீதம். என் கணக்கை மூன்று முறை திருத்தி எழுதிய பிறகுதான் புத்தகத்தைச் சந்தேகித்தேன். விடைகள் இரண்டு இடத்தில் கிடைத்தால் இரண்டையும் பாருங்கள். தாள் விஷயத்தில், கோடு போட்டதைவிடக் கட்டம் போட்ட நோட்டு நல்லது. தேவைக் கோடுகளும் ஒன்பது வரி அட்டவணைகளும் நேராக வருகின்றன.

அடுத்து நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான சராசரியைப் பிடிக்க மாதிரியைக் கொண்டு போடும் எல்லை. பயிற்சியில் இன்னும் ஏழு வேரியன்ஸ் கணக்குகள் பாக்கி இருக்கின்றன, ஆனால் மனம் அங்கே போய்விட்டது. ஐந்து எண்களின் மாதிரியில் திட்ட விலக்கத்தையும் அதே மாதிரியிலிருந்தே கணக்கிட்டுவிட்டு, பெரிய மாதிரிகளுக்கான 1.96 ஐப் பயன்படுத்தினால், 95 சதவீதம் என்று சொல்லும் இடைவெளி உண்மையில் சுமார் 88 சதவீதம்தான் பிடிக்கும். 1.96 க்குப் பதில் 2.776 வேண்டும். கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் 1908 இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிறு மாதிரிச் சிக்கலைப் பற்றியதுதான். அந்த 88 ஐ என் கணினியில் வரவழைத்துப் பார்க்க வேண்டும். லூப் எழுதிவிட்டேன், ரேஞ்சையும் இருமுறை பார்த்துவிட்டேன். வேரியன்ஸ் வரியில் டிடிஓஎஃப் 1 என்று போட்டிருக்கிறேன், இந்த முறை ஏன் என்று தெரிந்தே. இன்று இரவு ஓட்டுகிறேன்.