எங்கள் வீட்டு மாரியோ கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுவான்

போன மே லீவுக்கு அக்கா பாளையங்கோட்டைக்கு வந்திருந்தாள், கூடவே அவள் மகனும். பையன் ஒன்பதாவது முடித்திருக்கிறான். வெளியே அனல் அடிக்கிற மத்தியானம், எங்கும் போக வழியில்லை, லேப்டாப்பில் ஒரு எமுலேட்டரை (பழைய வீடியோ கேம் பெட்டி மாதிரியே நடிக்கிற மென்பொருள்) இறக்கி "மாமா, ஒங்க காலத்து மாரியோ" என்று திருப்பிக் காட்டினான். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பாட்டு ஆரம்பித்த உடனேயே ஏதோ உறுத்தியது. வண்ணார்பேட்டையில் டைம் எடுக்கப் பறக்கிற மினிபஸ் மாதிரி ஓடியது பாட்டு.

"ஏம்ல, ஸ்பீடக் கூட்டி வச்சிருக்கியா?"

"நான் ஒண்ணையும் தொடல மாமா. இதாம் ஒரிஜினல். ஒங்களுக்கு வயசாயிட்டு."

வயசாகிவிட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் என்னிடம் ஆதாரம் இருந்தது. சின்ன வயதில் எனக்கு ஒரு கிறுக்கு, டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து விளையாட்டுப் பாட்டுகளை ரெக்கார்ட் பண்ணுவேன். மாரியோ, கான்ட்ரா, டேங்க் விளையாட்டின் ஆரம்பச் சத்தம், எல்லாம் ஒரே கேசட்டில், அப்பா வைத்திருந்த ஏதோ சொற்பொழிவின் மேல். ஒரு இடத்தில் அம்மா "எல, சோறு ஆறுது, அந்த எளவ அணைச்சிட்டு வா" என்று கத்துவது தெளிவாகக் கேட்கும். அம்மா போனபிறகு அந்தக் குரலுக்காகவே அதை போனில் ஏற்றி வைத்திருந்தேன். அதைப் போட்டுக் காட்டினேன். நான் சொன்னது சரி. எங்கள் மாரியோ நிதானமாகப் போகிறான்.

பையன் விடவில்லை. டேப் இழுத்திருக்கும் என்றான். நியாயமான சந்தேகம்தான். கோயில் கொடைக்கு ரேடியோ செட் போடுகிறபோது பேட்டரி இறங்கினால் எல்.ஆர்.ஈஸ்வரி ஆண் குரலில் பாட ஆரம்பித்துவிடுவார், எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதில்தான் விஷயமே இருக்கிறது. டேப் இழுத்தால் வேகம் குறைகிறபோதே சுருதியும் கூடவே இறங்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே சுருதியில் ஆரம்பித்தன. லேப்டாப் முன்னே போகிறது, அம்மாவின் கேசட் பின்தங்குகிறது, சுருதி மட்டும் அப்படியே நிற்கிறது. காலப்பிரமாணம் மட்டும் குறைந்திருக்கிறது. டேப்பால் இதைச் செய்ய முடியாது.

அன்று ராத்திரி முழுக்க இதை நோண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நாங்கள் டிவி கேம் என்று சொன்ன அந்தப் பெட்டி, நின்டென்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். (உள்ளே செருகுவதையும் நாங்கள் கேசட் என்றுதான் சொன்னோம். ஊதிவிட்டுச் செருகினால்தான் படம் வரும் என்பது அன்றைக்கு வேதவாக்கு.) எங்களுடையது ஆனித் திருவிழா சமயம் டவுனில் அப்பா பேரம் பேசி வாங்கியது. அந்தக் காலத்து விளையாட்டுகள் பெரும்பாலும் தனியாகக் கடிகாரம் எதையும் பார்த்து ஓடவில்லை. டிவி திரையை ஒரு தடவை மேலிருந்து கீழே வரைந்து முடிக்கிறபோதெல்லாம் உள்ளே ஒரு சைகை போகும். அந்தச் சைகைக்குத்தான் மாரியோ நகர்வான், ஆமை நகரும், பாட்டும் ஒரு படி நகரும். தவில்காரர் தாளம் போடுகிறவரின் கையைப் பார்த்து வாசிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தாளம் போடுவது டிவி.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 தடவை தாளம் போடும். நம் ஊரில் 50 தடவை. அவர்கள் பிடித்துக்கொண்டது என்டிஎஸ்சி (NTSC) முறை, நாமும் ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளும் பிடித்துக்கொண்டது பால் (PAL) முறை. டிவி முறைகளை வகுத்த காலத்தில் அந்தந்த ஊர் மின்சாரத்தின் துடிப்போடு ஒத்துப்போகும்படி வைத்தார்கள், அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஆக, ஜப்பானில் ஒரு நிமிஷம் ஓடுகிற பாட்டு எங்கள் வீட்டில் 72 நொடி ஓடியிருக்கிறது. ஆறில் ஒரு பங்கு வேகம் போயே போய்விட்டது. யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த மாற்றம் இல்லை, எங்கள் வீட்டு மாரியோ நிதானமாகப் பாடியது கரண்டு கம்பியின் கைங்கரியம்.

சரி, சுருதி ஏன் இறங்கவில்லை? இது இன்னும் சுவாரசியம். ஐரோப்பாவில் நின்டென்டோவே விற்ற பால் பெட்டியில் சுருதியும் இறங்கும். பாட்டின் வேகத்தை டிவி தீர்மானிக்கிறது, சுருதியைத் தீர்மானிப்பது சிப் ஓடுகிற வேகம். ஜப்பான் பெட்டியில் அது 1.79 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பியப் பெட்டியில் 1.66. கணக்குப் போட்டால் அரைக் கட்டைக்கும் கொஞ்சம் மேலேயே இறங்குகிறது. அதனால்தான் ஐரோப்பாவுக்கென்று வெளியிட்டபோது சில விளையாட்டுகளில் உட்கார்ந்து திருத்தினார்கள், பலவற்றில் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆனால் தைவான் நகல் சிப்புகளைச் செய்தவர்களுக்கு வேறு கவலை. அவர்கள் பெட்டியில் ஓடப்போவது ஜப்பான் கேசட்டின் காப்பிகள். ஆகவே டிவிக்கு 50 தாளத்தைக் கொடுத்துவிட்டு, சிப்பை மட்டும் 1.77-இல் ஓடவிட்டார்கள். கிட்டத்தட்ட ஜப்பான் வேகம். ரஷ்யாவில் டென்டி என்ற பெயரில் விற்றதும் இந்த வகைதான். ஆக, சுருதி சுத்தம் என்று பார்த்தால் காசு கொடுத்து அசலை வாங்கின ஐரோப்பியப் பையனைவிட நகல் பெட்டி வைத்திருந்த நான் அசலுக்கு நெருக்கமாகக் கேட்டிருக்கிறேன். இதைப் படித்தபோது ராத்திரி ஒரு மணிக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இன்னொரு அநியாயமும் தெரிந்தது. மாரியோவின் முதல் கட்டத்தில் மேலே 400 என்று நேரம் இருக்கும் இல்லையா, அதில் ஒன்று குறைய 24 தாளம் ஆகும். ஜப்பானில் 400-ம் தீர 160 நொடி. நமக்கு 192 நொடி. ஆமையும் மெதுவாக வந்தது, கான்ட்ராவில் குண்டும் மெதுவாக வந்தது. எங்கள் தெருவில் முப்பது உயிர் தருகிற ரகசியக் கோட் போடாமலே கான்ட்ராவை முடித்த அண்ணன் ஒருவர் உண்டு, அவருக்கு அன்று கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. இப்போது எங்கோ குடும்பத்தோடு இருக்கிறார். இதை அவரிடம் சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

வேகம் மட்டும் இல்லை, குரலும் வேறு. ஃபேமிகாமில் ஐந்து குரல்கள்: மெட்டு வாசிக்க இரண்டு சதுர அலை, அடித்தளத்துக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஓர் இரைச்சல், ரெக்கார்ட் செய்த சத்தத்துக்கு ஒன்று. அந்தச் சதுர அலைகளின் அகலத்தை மாற்றினால் குரலின் தன்மை மாறும். நகல் சிப்புகளில் பலவற்றில் இந்த அகலங்களில் இரண்டு, 25 சதவீதமும் 50 சதவீதமும், ஒன்றுக்கொன்று இடம் மாறிப் போய்விட்டன. சுரம் அதேதான், ஆனால் நாதஸ்வரம் வாசிக்க வேண்டிய இடத்தில் கிளாரினெட் வாசிக்கும், கிளாரினெட் இடத்தில் நாதஸ்வரம். கேசட்டை மறுபடி மறுபடி கேட்டேன். எங்கள் கான்ட்ராவும் அந்த ஜாதிதான். லேப்டாப்பில் வந்த கான்ட்ரா முதல் கட்டம் என் காதுக்குச் சளி பிடித்த மாதிரி இருந்ததற்குக் காரணம் அதுதான்.

இதற்கு நேர்மாறாக, ஜப்பான்காரர்களுக்குக் கிடைத்து மற்றவர்களுக்குக் கிடைக்காமலே போன இசையும் உண்டு. கான்ட்ராவுக்கு இசையமைத்தவர்களில் ஒருவர் ஹிடேனோரி மேசாவா. 1989 கடைசியில் கொனாமி நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட அக்குமாஜோ டென்செட்சு என்ற விளையாட்டிலும் அவர் கை உண்டு. ஃபேமிகாமில் ஒரு வசதி இருந்தது, பெட்டியின் ஒலி கேசட்டுக்குள் போய்த் திரும்பி வரும். அதனால் கேசட்டுக்குள்ளேயே கூடுதல் ஒலிச் சிப்பை வைத்து அதன் குரலையும் கலந்து அனுப்பலாம். இந்த விளையாட்டின் கேசட்டில் விஆர்சி6 என்று ஒரு சிப், கூடுதலாக இரண்டு சதுர அலை, ஒரு ரம்ப அலை. ஐந்து எட்டானது. அடுத்த வருஷம் அதே விளையாட்டு காசில்வேனியா 3 என்று அமெரிக்கா போனது. அங்கே விற்ற பெட்டியின் கேசட் வாயில் இந்த ஒலி வழி இல்லை. எட்டுப் பேர் வாசித்ததை ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். திருத்தி எழுதியவர்கள் மோசமாகச் செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும், தனியாகக் கேட்டால் நல்ல இசைதான். ஆனால் ஜப்பான் பதிப்பைக் கேட்டபிறகு அமெரிக்கப் பதிப்பைக் கேட்டால், கல்யாண வீட்டில் ஒத்தும் தாளமும் சாப்பிடப் போய்விட்டு நாயனமும் தவிலும் மட்டும் சமாளிக்கிற மாதிரி இருக்கிறது.

முதல் ஜெல்டா விளையாட்டுக்கும் ஏறத்தாழ இதே கதை, ஜப்பானில் டிஸ்க்கில் வந்தது, டிஸ்க் கருவியில் கூடுதலாக ஒரு குரல் இருந்தது, வெளிநாட்டுக் கேசட்டில் அது இல்லை.

இதெல்லாம் கருவியால் வந்த வினை. மனுஷன் வேண்டுமென்றே செய்ததற்கு உதாரணம் சேகா நிறுவனத்தின் சோனிக் சிடி என்ற விளையாட்டு. 1993-இல் வந்தது. ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் நவோஃபுமி ஹடாயாவும் மசாஃபுமி ஒகாட்டாவும் போட்ட பாட்டுகள். அமெரிக்காவில் வெளியிடுகிறபோது சேகாவின் அமெரிக்கக் கிளை அவற்றை எடுத்துவிட்டு, ஸ்பென்சர் நில்சன், டேவிட் யங் ஆகியோரை வைத்துப் புதிதாகவே போட்டது. ஆரம்பப் பாட்டுகூட வேறு. அமெரிக்க ரசிகர்கள் சிலர் இதற்கு இன்றைக்கும் மூக்கு சிவக்கிறார்கள், சிலருக்கு நில்சன்தான் தெய்வம்.

எனக்கு இதில் ஆச்சரியமாகப் பட்டது வேறு ஒன்று. இந்த விளையாட்டில் ஒரே இடத்தை நிகழ்காலம், கடந்தகாலம், எதிர்காலம் என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஜப்பான் பதிப்பில் ஒரே மெட்டு காலத்துக்கு ஏற்ப உடை மாற்றிக்கொண்டு வரும். நிகழ்காலமும் எதிர்காலமும் சிடியில் பாட்டாகவே பதிந்தவை, மாற்றுவது சுலபம். கடந்தகாலப் பாட்டை மட்டும் கருவியின் ஒலிச் சிப்பே வாசிக்கும்படி விளையாட்டுக்குள் எழுதிவைத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் அதைத் தொடவில்லை. அதனால் அமெரிக்கப் பதிப்பில் நீங்கள் கடந்தகாலத்துக்குப் போனால் திடீரென்று ஜப்பான் பாட்டு கேட்கும், முன்னும் பின்னும் சம்பந்தமே இல்லாமல். வீட்டை இடித்துக் கட்டினவன் பழைய பூஜை அறையை மட்டும் விட்டுவைத்த மாதிரி. 2011-இல் வந்த மறுபதிப்பில் இரண்டையும் வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். கேட்டுப் பார்த்ததில் என் ஓட்டு ஜப்பானுக்கு, ஆனால் சண்டைக்கு வர மாட்டேன். சுடலைமாடன் கதையையே ஊருக்கு ஊர் வில்லுப்பாட்டுக்காரர் மாறினால் மெட்டு மாறும், எங்கள் ஊர்க்காரர் பாடினதுதான் சரி என்று எல்லா ஊரிலும் சத்தியம் செய்வார்கள்.

மறுநாள் காலை பையனிடம் இதையெல்லாம் கொட்டினேன். பாதியிலேயே போனை எடுத்துவிட்டான். சோனிக் கதைக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் அவனாகவே எமுலேட்டரின் செட்டிங்கில் தேடி "மாமா, இதுல டென்டின்னு ஒரு ஆப்ஷன் கெடக்கு" என்றான். ரீஜன் என்ற இடத்தில் என்டிஎஸ்சி, பால், அதற்குக் கீழே டென்டி. அதைத் தட்டினான்.

மாரியோ நிதானத்துக்கு வந்தான்.

"தூக்கம் வருது மாமா" என்றான் பையன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாள் முழுக்க அந்தப் பாட்டு வேகமாக ஓடியபோது திரும்பிக்கூடப் பார்க்காத அக்கா, அடுக்களையிலிருந்து தேங்காய் துருவுகிற கையோடு வந்து வாசல்படியில் நின்றாள்.

"எல, இது நம்ம வீட்டு டிவி கேம்லா?"

ஆமா என்றேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். அப்புறம், அந்த அடாப்டரைத் தொலைத்தது நீதானே என்று முப்பது வருஷத்துப் பஞ்சாயத்தை ஆரம்பித்தாள். தொலைத்தது அவள்தான்.