நாடகக் காப்பகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்த கதை

கலை ஆவணக் காப்பகம் ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம் என்று யாராவது கிளம்பினால், முதலில் பெட்டிகளைத் தூசி தட்டப் போகாதீர்கள். கொடையாளர் கோப்பை எடுத்துப் படியுங்கள். எங்களைப் படாதபாடு படுத்தியது அதுதான்.

நாடகம், நடனம் சார்ந்த புகைப்படங்கள், சுவரொட்டிகள், கேசட்டுகள், வீடியோ நாடாக்கள் என எங்களிடம் நிறையவே உண்டு. அவை வந்து சேர்ந்த காலத்தில் பொறுப்பில் இருந்தவர்கள் கொடுத்த ரசீதில் "நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்" என்ற ஒரு வரிதான் இருந்தது. கொடையா, இரவலா, நகலெடுக்கலாமா, நாலு பேருக்குக் காட்டலாமா, ஒரு பேச்சும் இல்லை. பொருள் நம் அலமாரியில் இருப்பது வேறு, உரிமை நம்மிடம் இருப்பது வேறு. ஒரு நடன வீடியோ என்றால் நடனம் அமைத்தவர், இசை அமைத்தவர், ஆடியவர், படம் பிடித்தவர் என்று ஆளுக்கொரு உரிமை கிளம்பும். படைப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் பொதுவிதிப்படி, படைத்தவர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும். பல நாடுகளில் அது 60, 70 ஆண்டுகள்.

நாங்கள் கேட்டுப்போன சட்ட ஆலோசகர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எதையும் காட்டாதீர்கள், பிரச்சினையே வராது" என்றார். அதற்கு இரண்டு பூட்டு வாங்கினால் போதுமே, காப்பகம் எதற்கு? பிறகு நாங்களே உட்கார்ந்து எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்தோம்: எழுத்தில் சம்மதம் உள்ளவை, வாரிசுகளைத் தேடிப் பிடிக்கக்கூடியவை, யாருடையது என்றே தெரியாதவை. மூன்றாவது வகைக்கு எங்கெல்லாம் விசாரித்தோம், யாருக்கெல்லாம் எழுதினோம் என்று தேதியோடு ஒரு பதிவேடு வைத்தோம். உரிமையாளர் இருந்தால் தெரிவிக்கலாம், ஆட்சேபம் வந்தால் உடனே எடுத்துவிடுவோம் என்று பெரிய எழுத்தில் அறிவிப்பும் வைத்தோம். அறிவிப்பு வைத்தால் சட்டம் விட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் நாட்டுச் சட்டம் இதற்கு எவ்வளவு இடம் தருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரிசுகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு குடும்பத்தில் அண்ணன் மகிழ்ச்சியோடு கையொப்பம் இட்டுக் கொடுத்தார். சுவரொட்டியெல்லாம் அச்சாகி வந்த பிறகு தங்கை தொலைபேசியில் அழைத்து, "என்னைக் கேட்டீர்களா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தப் படங்கள் அத்தனையையும் எடுத்துவிட்டு வேறு வைத்தோம். எத்தனை வாரிசு என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

பொதுமக்களை அழைக்கும் நிகழ்ச்சிக்குத் தேதி பிடிப்பதில் சிக்கல் இல்லை. அக்டோபர் 27, யுனெஸ்கோ 2005இல் ஏற்ற ஒலி-ஒளி (ஆடியோ, வீடியோ) மரபுக்கான உலக நாள். நாடாக்கள் நிறைய உள்ள எங்களுக்கு அது பொருந்தியது. காகிதம்தான் அதிகம் என்றால் ஜூன் 9 இருக்கிறது: 1948இல் சர்வதேச ஆவணக் காப்பகப் பேரவை தோன்றிய நாள்.

நிகழ்ச்சி நடத்த அரங்கம் கேட்டுப் போட்ட விண்ணப்பம் வேறு கதை. படிவத்தில் நிகழ்ச்சி வகை என்று கண்காட்சி, கருத்தரங்கு, கலைநிகழ்ச்சி ஆகிய மூன்று கட்டங்கள். நாங்கள் நடத்த நினைத்ததோ, பெயர் தெரியாத புகைப்படங்களை மேசைகளில் பரப்பி, வருகிறவர்களை உட்காரவைத்து அடையாளம் கேட்பது. எழுத்தர் படிவத்தை நிமிர்ந்து பார்க்காமலே திருப்பித் தள்ளினார். விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தோம், "கடிதத்துக்குக் கட்டம் இல்லை" என்றார். கடைசியில் கண்காட்சி என்று குறித்து, மேசைகளைக் 'காட்சிப் பலகைகள்' என்று எழுதினோம். அன்று மாலையே அனுமதி வந்தது. இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்தது வெளிச்சம். காகிதம், நீர்வண்ணம், பழைய வண்ணப் புகைப்படம் போன்றவற்றுக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம் என்பது காட்சிக்கூடங்களின் வழக்கமான வரம்பு. அரங்கத்தில் ஆளுயர ஜன்னல்கள். திரை போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தவர்கள் அன்று காலை, திரைகள் சலவைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். லக்ஸ் மானி காட்டிய எண்ணைப் பார்த்த எங்கள் பாதுகாப்புப் பொறுப்பாளர், மூலப்படங்கள் இருந்த பெட்டியை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். மேசைக்கு என்று நகல்களைத் தனியாக அச்சிட்டு வைத்திருந்ததால் பிழைத்தோம். நகலாக இருந்தது எவ்வளவு நல்லது என்று பத்து மணிக்குள் தெரிந்துவிட்டது. ஒருவர் பந்துமுனைப் பேனாவால் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு அம்புக்குறியும் இட்டார். இன்னொருவர் பெயர் எழுதிய ஒட்டுத்தாளைப் படத்தின் நடுவில் அழுத்தி ஒட்டினார். மூலப்படமாக இருந்திருந்தால் பசை படலத்தில் தங்கிவிடும். பென்சில் மட்டும் வைத்தோம், பேனாவைத் தங்கள் பையிலிருந்து எடுக்கிறவர்களை என்ன செய்வது?

வந்தவர்கள் யார் என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம். ஆய்வாளர்களை எதிர்பார்த்தோம். வந்து பயன் தந்தவர்கள் மேடைக்குப் பின்னால் வேலை பார்த்தவர்கள். எங்கள் பட்டியலில் 'பெண் நடனக் கலைஞர், பெயர் தெரியவில்லை' என்று பல ஆண்டுகளாகக் கிடந்த படம் ஒன்று. உடை தைத்த ஒரு மூதாட்டி அதை எடுத்து, முகத்தைப் பார்க்கவே இல்லை. இடுப்புப் பட்டையை விரலால் தொட்டு, "இந்தக் கொக்கியை நான் இடப்பக்கம் மாற்றி வைத்தேன், இவளுக்கு வலது கை தூக்க வராது" என்றார். பெயரும், எந்த நாடகம் என்பதும் அப்புறம் தானாக வந்தன. பட்டியலில் அந்த மூதாட்டியின் பெயருக்கும் முதன்முறையாக ஓர் இடம் போட்டோம்.

ஒரே படத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்லிச் சண்டை வந்ததும் உண்டு. தீர்ப்புச் சொல்லாதீர்கள். யார் சொன்னார், எப்படித் தெரியும் என்ற விவரத்தோடு இரண்டையும் எழுதி வையுங்கள். பேச்சை ஒலிப்பதிவு செய்கிறீர்கள் என்றால், பேசத் தொடங்கும் முன் சம்மதப் படிவம் வாங்குங்கள். பேசி முடித்தவரிடம் படிவத்தை நீட்டினால், கொடுத்த வாக்குமூலத்தைப் பறிகொடுத்தவர் போல ஆகிவிடுகிறார்கள்.

வீட்டிலிருந்து நாடா கொண்டுவந்தவர்களிடம்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "போட்டுக் காட்டுங்கள்" என்று ஒரே பிடி. 1970கள், 80களில் வந்த காந்த நாடாக்கள் சிலவற்றில் பசைப் பொருள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அதை அப்படியே ஓட்டினால் கீச்சென்று சத்தம் வரும், காந்தப் பூச்சு உரிந்து போகும், பதிவும் அதோடு போய்விடும். படச்சுருளைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் சுருளின் அடிப்பொருளான அசிட்டேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது, மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். கேசட் என்றால் மேல் விளிம்பின் இரண்டு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழ்களை முதலில் உடைத்துவிடுங்கள், தவறி யாரும் அதன்மேல் பதிவு செய்ய முடியாது. இதைச் செய்து காட்டியபோது, தன் தந்தையின் குரல் இருந்த கேசட்டை வைத்திருந்தவர், "இத்தனை நாள் இது தெரியாமல் இருந்துவிட்டேனே" என்று அங்கேயே உடைத்துக்கொண்டார்.

இன்னொன்று: நிகழ்ச்சி நாளில் நன்கொடை வாங்காதீர்கள். உணர்ச்சிவசப்பட்டு பையோடு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெயர் மட்டும் குறித்துக்கொண்டு, கொடைப் பத்திரத்தோடு பிறகு வரச் சொல்லுங்கள். நாங்கள் இப்படிச் சொல்லியும், மூடும் நேரத்தில் நாற்காலிக்கு அடியில் ஒரு துணிப்பை அனாதையாகக் கிடந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு நெகட்டிவ் சுருள்கள். யாருடையவை என்று இன்றுவரை தெரியவில்லை, மேற்சொன்ன மூன்றாவது வகையில் சேர்த்திருக்கிறோம்.

வேலை இப்போது நிற்பது பட்டியல் மென்பொருளில். அதில் 'பெயர்' என்று ஒரே ஒரு புலம் (விவரம் நிரப்பும் கட்டம்). 'இன்னார் சொன்னது, உறுதியாகவில்லை' என்று குறிக்க வழி இல்லை. செய்து கொடுத்த நிறுவனம் அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்கிறது. அதுவரை எல்லாவற்றையும் குறிப்புப் புலத்தில், தேடினால் கிடைக்கும்படி ஒரே சொற்றொடரில் தொடங்கித் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். அன்று அடையாளம் குறித்து வைத்த சீட்டுகளில் பாதி முடிந்திருக்கிறது.