மேரி ஃபீல்ட்ஸ் தபால் சுமந்த பாதையில்

அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட பழைய வெஸ்டர்ன் படங்கள், அதாவது குதிரையும் துப்பாக்கியுமாக வரும் கௌபாய் படங்கள் என்றால் எனக்கு உயிர். 1970-இல் ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஒன்றை இன்றைக்குப் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். சிறையிலிருந்து சில பெண்களை அழைத்துவந்து, ராணுவ எஞ்சினியர்களின் மனைவிகளாக நடிக்கவைத்து, கூண்டு வண்டிகளில் டெக்சாஸ் பக்கம் அனுப்புவார்கள். ரகசியமாக வரைபடம் எடுப்பதுதான் உண்மையான வேலை. அந்தப் பெண்களின் துணிச்சலைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் கட்டளை போடுகிறவர்கள் ஆண்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஆபத்தும் முடிந்துவிடும். நிஜத்தில் அப்படி ஒரு வேலையைத் தன் பொறுப்பில் எடுத்து, வருஷக்கணக்கில் செய்த பெண் உண்டா என்று தேடப்போய்த்தான் மேரி ஃபீல்ட்ஸைத் தெரிந்துகொண்டேன். அவர் வண்டி ஓட்டிய பாதையைப் பார்க்கவே என் தங்கையும் நானும் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்குப் போனோம்.

கிரேட் ஃபால்ஸ் நகரில் வாடகைக் கார் எடுத்தோம். ஐ-15 நெடுஞ்சாலையில் தென்மேற்காக நாற்பது கிலோமீட்டர் போனால் கேஸ்கேட். மிசௌரி ஆற்றங்கரையில் அறுநூறு பேர் அளவில் வசிக்கும் சிற்றூர். செப்டம்பர் கடைசியிலேயே காரின் கதவைத் திறக்கவிடாமல் காற்று தள்ளியது.

மேரி டென்னசி மாநிலத்தில் 1832 வாக்கில் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலை கிடைத்து, ஒஹாயோவின் டொலிடோ நகரில் உர்சுலைன் கன்னியர் மடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தலைவியாக இருந்த மதர் அமதேயஸ் 1884-இல் மொன்டானாவில் கத்தோலிக்கர்கள் நடத்திய செயின்ட் பீட்டர்ஸ் மிஷன் என்ற மறைப்பணி நிலையத்துக்குப் போய், அடுத்த வருஷமே நிமோனியாவில் படுத்துவிட்டார். அவரைக் கவனித்துக்கொள்ள மேரி இவ்வளவு தூரம் கிளம்பி வந்தார். மதர் பிழைத்தார், மேரியும் இங்கேயே தங்கிவிட்டார். தோட்டம், கோழிகள், துணி துவைப்பது, ஊரிலிருந்து மிஷனுக்குச் சாமான் ஏற்றிவருவது, எல்லாம் அவர் கையில்தான். ஆறடி உயரம், வாயில் சுருட்டு, இடுப்பில் துப்பாக்கி. 1894-இல் கூட வேலை பார்த்த ஒருவருடன் சண்டை முற்றித் துப்பாக்கிவரை போனதும், ஹெலெனா நகரின் கத்தோலிக்க ஆயர் அவரை மிஷனைவிட்டு வெளியேறச் சொன்னார். மிஷனுக்காக அத்தனை வருஷம் உழைத்தவரை அப்படி அனுப்பியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வருஷமே அதே மிஷனுக்குத் தபால் கொண்டுபோகும் ஒப்பந்தத்தை மேரி எடுத்தார். அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ‘ஸ்டார் ரூட்’ என்ற அந்த முறையில், தபால் துறை வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடும். வண்டி, குதிரை, வழியில் வரும் நஷ்டம் எல்லாம் அவர் பாடு. அந்த ஒப்பந்தம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் மேரிதான். 1903 வரை, இரண்டு ஒப்பந்தக் காலம், எட்டு வருஷம் ஓட்டினார்.

கேஸ்கேடிலிருந்து மிஷன் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். கொஞ்ச தூரத்திலேயே தார் ரோடு முடிந்து சரளைப் பாதை ஆகிவிடுகிறது. இரண்டு பக்கமும் பழுத்த புல், மேய்ச்சல் மாடுகள், தட்டையாக வெட்டிவைத்ததுபோல உச்சியுள்ள குன்றுகள். வெகுநேரம் எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. “அக்கா, இந்தப் பாதையில தனியாவா வருவாங்க?” என்று தங்கை கேட்டாள். தனியாகத்தான். கோவேறு கழுதைக்கு மோசஸ் என்று பெயர் வைத்திருந்தாராம். பனி ஏறி வண்டி நகர முடியாத நாட்களில், பனிக்காலணி மாட்டிக்கொண்டு தபால் மூட்டையைத் தோளில் போட்டு நடந்தே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வண்டி கவிழ்ந்து, இரவு முழுக்க ஓநாய்களை விரட்டிக்கொண்டு சாமான்களுக்குக் காவல் நின்றார் என்று ஒரு கதை உண்டு. தொலைக்காட்சிக்குப் பிடித்த காட்சி அதுதான். ஆனால் அந்தப் பாதையில் போய் நின்றால் ஓநாயைவிடத் தூரமும் குளிரும்தான் பயமுறுத்துகின்றன. இங்கே குளிர்காலத்தில் மைனஸ் முப்பது டிகிரிவரை இறங்கும். ஒதுங்க ஒரு மரத்தடிகூடக் கிடையாது. அந்தக் குளிரில் ஒருநாள் போய்த் திரும்பிவிட்டு, மறுபடியும் கிளம்புவதற்கு எப்படிப்பட்ட மனசு வேண்டும்! திரைக்கதைகளில் இந்த “மறுபடியும்” வருவதே இல்லை.

மிஷனில் இப்போது மரத்தாலான சின்னத் தேவாலயமும் கல்லறைகளும், கொஞ்சம் இடிபாடுகளும் மிச்சம். பெரிய கல் கட்டடங்கள் 1908-லும் 1918-லும் தீயில் போய்விட்டன. கனடாவில் பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெத்தி மக்களின் தலைவர் லூயி ரியேல் இங்கேதான் ஆசிரியராக இருந்தார். 1884 ஜூனில் கனடாவிலிருந்து ஆள் வந்து அவரைத் திரும்ப அழைத்துப்போனார்கள். பூர்வகுடிக் குழந்தைகளை அவர்களுடைய மொழியிலிருந்தும் வீட்டிலிருந்தும் பிரித்த உறைவிடப் பள்ளி இது என்பதையும் மறக்க முடியவில்லை. மேரி சுமந்துவந்த மூட்டைகளில் அந்தப் பள்ளிக்கான கடிதங்களும் இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் ஹில்சைட் கல்லறைத் தோட்டத்தில் இறங்கினோம். பெயரும் 1832–1914 என்ற ஆண்டுகளும் மட்டும் உள்ள எளிய அடையாளம். அப்புறம் ஊருக்குள் நடந்தோம். தபால் வேலையை விட்டபின் மேரி இங்கே சலவைத் தொழில் செய்தார். ஊர் பேஸ்பால் வீரர்களுக்குத் தன் தோட்டத்துப் பூக்களைக் கட்டிக்கொடுப்பார். 1912-இல் அவர் வீடு எரிந்தபோது ஊர்க்காரர்களே திரும்பக் கட்டித் தந்தார்கள். சின்ன வயதில் அவரை இங்கே பார்த்த ஒரு பையன், பின்னால் வெஸ்டர்ன் படங்களின் பெரிய நாயகனாகி, 1959-இல் கறுப்பின வாசகர்களுக்கான ‘எபனி’ இதழில் அவரைப் பற்றி எழுதினார்: கேரி கூப்பர். ஹாலிவுட்டில் அத்தனை செல்வாக்கு உள்ளவருக்குத் தெரிந்த பெண்ணை மையமாக வைத்து, அன்றே ஒரு படம் வந்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

போக நினைப்பவர்களுக்கு: ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போய்விடுங்கள். மிஷனைச் சுற்றியிருப்பது தனியார் மாட்டுப்பண்ணை நிலம். கேட்டுக்கொண்டு உள்ளே போவதே மரியாதை. கேஸ்கேடிலேயே பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொள்ளுங்கள், வழியில் கடை கிடையாது.