கீசருக்கு ஒரு புதிய தெர்மோஸ்டாட்

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையில் 15 லிட்டர் கீசர் ஒன்று ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது. மார்கழியின் விடியற்காலைக் குளிரில் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிடும் என்பதால், அந்த வெந்நீர் எங்களுக்கு ஆடம்பரம் அன்று. சென்ற மார்கழியில் ஒரு நாள் குழாயைத் திறந்தபோது, தண்ணீருக்கு முன்னால் ஆவி சீறிக்கொண்டு வந்தது. அம்மா சட்டென்று கையை இழுத்துக்கொண்டதால் கொப்புளம் வராமல் தப்பினார். கீசரைப் போட்டு முக்கால் மணி நேரம் ஆகியும் அதன் சிவப்பு விளக்கு அணையாமல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

எங்கள் கீசரில் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ 2,000 வாட். தொட்டித் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற அதற்கு ஏறத்தாழ 17 நிமிடங்கள் போதும். நிறுத்த ஆளில்லாமல் விட்டால் சுமார் 38 நிமிடங்களில் கொதிநிலையைத் தொட்டுவிடும். ஆகவே, குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய தெர்மோஸ்டாட் அதைச் செய்யவில்லை என்பது தெளிவாயிற்று. ஆனால் அது தவறினாலும் காப்பாற்றுவதற்கென்றே கட்-அவுட் என்ற இரண்டாவது காவல் உள்ளே இருக்கிறதே, அது ஏன் விழுந்து மின்சாரத்தை நிறுத்தவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பிளக்கைப் பிடுங்கி, தொட்டி முழுவதும் ஆறிய பிறகு அடி மூடியைக் கழற்றியபோது விடை கிடைத்தது. முந்தைய ஆண்டு பழுது பார்க்க வந்த ஒருவர், அடிக்கடி விழுந்துகொண்டிருந்த கட்-அவுட்டின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கண்டதும் எனக்கு வந்த கோபம் இன்றும் அடங்கவில்லை. அது அடிக்கடி விழுந்ததே தெர்மோஸ்டாட் பழுதாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அறிகுறி. அந்த அறிகுறியின் வாயை அடைத்துவிட்டு, வயதான ஒருவர் தினமும் குளிக்கும் அறையில் கொதிகலனைக் காவலின்றி விட்டுச் சென்றிருக்கிறார்.

எங்கள் கீசரில் இருப்பது குச்சி வகைத் தெர்மோஸ்டாட். பித்தளைக் குழாய்க்குள் இன்வார் என்ற உலோகக் கலவையாலான கம்பி செல்கிறது. வெப்பத்தில் பித்தளை நன்றாக நீளும், இன்வாரோ நீளுவதே அரிது. இந்த நீள வேறுபாடுதான் மேலே உள்ள சுவிட்சை இழுத்துத் திறக்கிறது. இன்வாரை 1896இல் கண்டறிந்த ஷார்ல் எதுவார் கியோம், இத்தகைய நிக்கல் எஃகுக் கலவைகளைப் பற்றிய ஆய்வுக்காக 1920இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். எங்கள் பழைய குச்சியைக் கழற்றி, குறைந்த அளவில் வைத்து, கொதிக்கும் நீர் நிரம்பிய பாத்திரத்தில் நிறுத்தியபோது எந்தச் சத்தமும் எழவில்லை. உள்ளே தொடுமுனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பாரிமுனையில் வாங்கி வந்த புதியதோ அதே நீரில் இறங்கிய சற்று நேரத்தில் ‘டக்’ என்று திறந்தது. 230 வோல்ட்டில் இந்தக் காயில் இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர் என்பதால், 16 ஆம்பியர் தாங்கும் தெர்மோஸ்டாட்டையே கேட்டு வாங்கினேன். குச்சியின் நீளம் பழையதோடு பொருந்த வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. கட்-அவுட்டும் புதியதாகவே வாங்கினேன்.

குச்சி நுழையும் உறையின் மீது, தண்ணீர்ப் பக்கமாக, சுண்ணாம்பு போன்ற படிவு தடித்திருந்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. படிவின் வழியே சூடு மெதுவாகவே குச்சியைச் சேர்வதால், துண்டிப்பும் தாமதமாகிறது. தொட்டியை வடித்து, காயிலை எடுத்து, இரண்டையும் சுரண்டிச் சுத்தம் செய்ய ஒரு முழு மாலை தேவைப்பட்டது.

இணைப்பைத் தொடங்கும் முன், எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் மின்பணியாளர் அண்ணனிடம் கேட்டேன். “தம்பி, முதல்ல பாயின்ட்டைப் பாரு. அப்புறமா கீசர்ல கை வை” என்றார். அந்த ஒரு சொல்தான் இந்த வேலையிலேயே பெரிய உதவி. பிளக் செருகும் பாயின்ட்டை எர்த் துளை மேலே இருக்கும்படி பார்த்தால், வலப்பக்கத் துளையில்தான் ஃபேஸ், அதாவது மின்சாரம் வரும் கம்பி, வர வேண்டும். எங்கள் குளியலறைப் பாயின்ட்டிலோ, சுவிட்சை அணைத்த பிறகும் இடப்பக்கத் துளையில் டெஸ்டர் எரிந்தது. பழைய வயரிங்கில் யாரோ ஃபேஸையும், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நிலையில் தெர்மோஸ்டாட்டைச் சரியாகவே இணைத்தாலும் அது துண்டிப்பது நியூட்ரலைத்தான். விளக்கு அணைந்திருக்கும்போதும் காயில் முழுவதும் ஃபேஸ் நின்றுகொண்டே இருக்கும். காயிலின் உறையில் விரிசல் விழுந்தால், அந்த ஃபேஸ் குளிக்கும் தண்ணீரையே வந்தடையும். அண்ணன் மெயினை அணைத்துவிட்டு, சுவிட்ச் பெட்டியில் இரண்டையும் இடம் மாற்றித் தந்தார். எர்த் இணைப்பையும் அவரே சோதித்தார். கூடவே 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற காவல் சுவிட்ச் ஒன்றும் பொருத்தச் சொன்னார், பொருத்தினோம்.

அதன்பின் இணைப்பு எளிது. ஃபேஸ் முதலில் கட்-அவுட்டுக்கும், அங்கிருந்து தெர்மோஸ்டாட்டுக்கும், அதிலிருந்து காயிலின் ஒரு முனைக்கும் செல்கிறது. நியூட்ரல் நேராகக் காயிலின் மறுமுனைக்கு. எர்த் தொட்டியின் உடலுக்கு. சிவப்பு விளக்கு காயிலின் இரு முனைகளுக்கு இடையே அமைகிறது. சாதாரண பி.வி.சி. உறை இந்தச் சூட்டில் இளகும் என்பதால், கம்பிகளின் மீது கண்ணாடி இழை உறையை மாட்டினேன். கம்பி முனைகளில் உள்ள லக்கு என்ற உலோகக் கவ்விகளை இழுத்துப் பார்த்து இறுக்கினேன், ஏனென்றால் தளர்ந்த முனை சூடேறிக் கருகும். மின்சாரம் கொடுக்கும் முன் மல்டிமீட்டரில் காயில் 26 ஓம் காட்டியது. காயிலுக்கும் தொட்டிக்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை.

தொட்டியை நிரப்பி, குழாயில் தண்ணீர் தடையின்றி வருவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போட்டேன். 60 டிகிரியில் வைத்திருந்தேன். பதினெட்டாவது நிமிடத்தில் மூடிக்குள்ளிருந்து அந்த ‘டக்’ சத்தம் கேட்டது, விளக்கு அணைந்தது. அம்மா வாளியில் தண்ணீரை விளாவிக்கொண்டிருக்கையில், இணைப்பின் படத்தை ஒரு தாளில் வரைந்து, கட்-அவுட்டின் முனைகளை எக்காரணத்தாலும் கம்பியால் இணைக்கக் கூடாது என்று அதன் கீழே பெரிய எழுத்தில் எழுதினேன். அந்தத் தாள் இப்போது கீசருக்குப் பக்கத்துச் சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது.