பதம் தப்பிய ரெசின்

பம்பர் விரிசலை ஒட்டக் கலக்கி வைத்த ரெசின் பிசின் கப்பிலேயே இறுகிவிட்டது. தொட்டால் சுடுகிறது.

100 கிராம் ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் 1 கிராமே இந்தப் பொள்ளாச்சி வெயிலுக்குப் போதும். இரண்டுக்கு மேல் ஊற்றியது என் கொழுப்பு.

வேகத்தடையில் பிளந்த பம்பர். அச்செடுத்துச் செய்தது, கடையில் கிடைக்காது. பின்பக்கம் 80 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, விரிசலைத் தாண்டியும் ஃபைபர் மேட், அதாவது கண்ணாடி நார் விரிப்பு, ஒட்ட வேண்டும். வெறும் பட்டி பூசினால் அடுத்த குழியிலேயே பிளக்கும்.

நார் தனியே துவளும், ரெசின் தனியே நொறுங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பம்பர். தேங்காய் நாருக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு இது இன்றுதான் உறைத்தது.

மாஸ்க் போட்டவன் முழுக்கைச் சட்டை போடவில்லை. நார்த்தூள் பட்டுக் கையெல்லாம் அரிப்பு.

அம்மா எட்டிப் பார்த்தார். “ஏங்கண்ணு, செந்தட்டிக்குள்ள பூந்துட்டு வந்தியா?”

சரி, அடுத்த கப்.