நின்றுகொண்டு ஃப்ளை வீச எந்தக் கயாக்?

ஃப்ளை என்பது பூச்சி, நண்டு போலக் கட்டிய இலகுவான பொய்யிரை; கனமான நூலின் எடையால் அதை வீசிப் பிடிப்பதுதான் ஃப்ளை ஃபிஷிங். கயாக் என்பது துடுப்புப் போடும் சிறு படகு. டெக்சாஸ் கடற்கரையில், அரான்சாஸ் பாஸ் பக்கத்து லைட்ஹவுஸ் லேக்ஸ் போன்ற காயல்களில் பல இடங்களில் தண்ணீர் முழங்கால் அளவுதான். கடற்புல்லுக்குள் தலையை விட்டு நண்டு தேடும் ரெட்ஃபிஷ்ஷின் வால் மட்டும் வெளியே ஆடும். (நம்ம ஊர் கத்தாழையின் குடும்பம்தான் இதுவும்.) உட்கார்ந்தபடி பார்த்தால் நீர்ப்பரப்பில் வானம்தான் தெரியும். எழுந்து நின்றால் கண் உயரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நீரின் பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடியும் இருந்தால் அடித்தரை வரை தெரியும். மீனைக் கண்டபின் வீசுவதுதான் இங்கே முறை, ஆகவே நின்றே ஆக வேண்டும்.

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது அகலம். கேட்க வேண்டியதுதான். படகு சாய மறுக்கும் வலு அகலத்தின் முப்படிக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்ப ஏறும். 30 அங்குலத்திலிருந்து 36 அங்குலத்துக்குப் போனால், நீளம் அதேதான் என்றாலும், அந்த வலு ஏறத்தாழ 1.7 மடங்கு. ஆனால் கேட்லாக்கில் அச்சிடுவது பெரும்பாலும் மேல்விளிம்பின் அகலம். நம்மைத் தாங்குவது தண்ணீரைத் தொடும் இடத்து அகலம். பக்கச்சுவர் வெளிப்பக்கம் விரிந்த படகில் இந்த இரண்டுக்கும் சில அங்குல வித்தியாசம் இருக்கும். படகைக் கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்த்தால் கேட்லாக் சொல்லாதது தெரிந்துவிடும்.

அடியின் வடிவமும் முக்கியம். தட்டையான அடி அமைதியான நீரில் வீட்டுத் தரை மாதிரி இருக்கும். பக்கவாட்டு அலை வந்தால் அலையோடு சேர்ந்து அதுவும் சாயும். ஓர் எல்லையைத் தாண்டினால் முன்னறிவிப்பில்லாமல் கவிழ்த்துவிடும். நடுவில் குடைவு விட்டு மிதப்பை இரு ஓரங்களுக்கும் தள்ளிய டனல் அடியில் ஓரத்தை மிதித்தாலும் சாய்வு மெதுவாக வரும், சுதாரிக்க நேரம் கிடைக்கும். நேடிவ் அல்டிமேட் 12 என்ற கயாக் சுமார் 30 அங்குல அகலமே உள்ளது. அதில் நின்று மீன்பிடிக்க முடிவது இந்தக் குடைவால்தான். போனாஃபைட் எஸ்எஸ்127 போன்ற 33.5 அங்குலப் படகுகளின் அடியைக் கேடமரான் வகை (நடுவே இடைவெளி விட்ட இரட்டை அடி) என்பார்கள். நம் கட்டுமரத்திலிருந்து போன சொல்தான். ஆனால் கட்டுமரத்தில் நடுவே இடைவெளி ஏது? பெயர் மட்டும் கடல் கடந்து போய் வேறொரு வடிவத்தில் ஒட்டிக்கொண்டது.

41 அங்குல நூகனு ஃபிரான்டியர் 12, 38 அங்குல ஹோபி புரோ ஆங்லர் 14 என்று இன்னும் அகலமாகவும் போகலாம். அதற்கு விலை உண்டு: எதிர்காற்றில் வேகம் செத்துவிடும், துடுப்பு 250–260 செ.மீ. இல்லாவிட்டால் விரல் விளிம்பில் இடிக்கும். எல்லாச் சாமானும் பூட்டியபின் ஹோபியை ஒருவர் தனியாகக் கார் கூரையில் ஏற்றுவது நடக்காது, டிரெய்லர் வேண்டும். தனியாகப் போகிறவருக்கு 33–36 அங்குலம், வெற்றுப்படகு 35 கிலோவுக்குள் என்பதே என் கணக்கு.

தாங்கும் எடை என்று போட்டிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். அது மிதப்பதற்கான எண், நிற்பதற்கானது அல்ல. 170 செ.மீ. உயரமுள்ளவர் உட்கார்ந்தால் உடல் எடையின் மையம் இருக்கைக்கு ஒரு சாண் மேலே. எழுந்தால் அது பாதத்திலிருந்து 95 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும்.

ஃப்ளை ஃபிஷிங்குக்கென்றே பார்க்க வேண்டியது தளம். விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. ஸ்பின்னிங் தூண்டிலில் நூல் ரீலுக்குள் போய்விடும். ஃப்ளையில் 10, 15 மீட்டர் நூல் காலடியில் சுருண்டு கிடக்கும். வீசும்போது அது தடையில்லாமல் கிளம்ப வேண்டும். கால்வைக்கும் பெடல், சாமான் மாட்ட விளிம்பில் பதித்த ரெயில் பட்டையின் திருகு, கயிறு கட்டும் கிளீட், பை ஜிப்பு, மீன் காட்டும் கருவியின் (ஃபிஷ்ஃபைண்டர்) தாங்கி என்று எது நீட்டிக்கொண்டிருந்தாலும் நூல் தேடிப்போய் மாட்டும், அதுவும் நல்ல மீன் முன்னால் நிற்கும்போது. இருக்கைக்கு முன்னால் குறைந்தது முக்கால் மீட்டர் வெறும் தளம் இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சமிருக்கும் முட்டுகளை மீன்வலைத் துண்டு ஒன்றால் மூடிவிடலாம், ஈரத்துண்டும் போதும். செருப்பு வேண்டாம்; வெறுங்காலுக்குத்தான் நூலை மிதித்தது தெரியும். இருக்கைக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் தூண்டில் கோல்தாங்கிகளைக் கழற்றிவிடுங்கள், வீசுமுன் நூலைப் பின்னால் எறியும் பின்வீச்சு அதில்தான் சுற்றும். 9 அடித் தூண்டில் கோலின் நுனி அணியத்துக்கு (படகின் முன்முனை) வெளியே நீட்டாமல் படுக்குமா என்பதையும் அளந்து பாருங்கள். கரை தட்டும்போது முதலில் முறிவது அந்த நுனி.

காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெடல் இருக்கும் இடமே நாம் நிற்க வேண்டிய இடம். புரொப்பெல்லர் வகை முழங்கால் நீரில் தரையைத் தட்டும். இப்பகுதியின் ரெட்ஃபிஷ் பே விரிகுடாவில் கடற்புல்லை வேரோடு பிடுங்குவது 2006 முதல் குற்றமும்கூட. புரொப்பெல்லருக்குப் பதில் ஹோபியில் உள்ள துடுப்புச்சிறகுகளை அடியோடு ஒட்டி மடக்கலாம், ஆனால் பெடல் தளத்தில்தான் நிற்கும். இந்த நீருக்குத் துடுப்பும், தரையில் ஊன்றித் தள்ள ஒரு நீண்ட கழியும் போதும்.

வாங்குமுன் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். தரையில் ஏறி நின்று பார்ப்பது வீண். இடுப்பளவு நீரில், உயிர்காப்புச் சட்டையோடு, பாதங்களைத் தோளகலத்தில் வைத்துக் குந்தி, எடையை முன்னே சாய்த்து நேராக எழுங்கள். ஒரு விளிம்பை மட்டும் பிடித்து எழுந்தால் அந்தப் பக்கமே கவிழும். அணியக் கைப்பிடியில் கட்டிய பட்டை ஒன்று உதவும். நின்றதும் பார்வை தூரத்தில் இருக்கட்டும். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுங்கள், இரு தோள் வழியாகவும் திரும்பிப் பாருங்கள், பிறகு கோலை எடுத்துப் பத்து முறை வீசுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் படகு ஆடி வட்ட அலை எழுந்தால் வேறு படகு பாருங்கள். அந்த அலை மீனுக்கு எட்டிவிடும். முன்பக்கம் அமிழ்ந்தால் சாமான்களைப் பின்னே தள்ளிப் பாருங்கள். சின்ன அலையில் அடிப்பாகம் 'தப் தப்' என்று அறைகிறதா என்றும் கேளுங்கள், குடைவுள்ள சில படகுகளுக்கு இந்தக் குணம் உண்டு. கடைசியாக, வேண்டுமென்றே விழுந்து பக்கவாட்டில் ஏறிப் பாருங்கள். தடுமாறினால் நின்றபடி சமாளிக்க நினைக்காமல் அப்படியே குந்துங்கள். கெண்டைக்கால் இருக்கையை உரசும்படி நின்றால் உட்காரும் இடம் எங்கே என்று பார்க்காமலே தெரியும்.

படகை நிறுத்திவைக்கத் தரையில் ஊன்றும் கம்பத்தைப் பின்முனையில் கட்டுங்கள். படகு காற்றடிக்கும் திசையில் மூக்கை நீட்டி நிற்கும், காற்று முதுகில் இருக்கும். வலக்கைக்காரர் இடது முன்பக்கம், கடிகாரத்தில் 10, 11 மணி திசையில் வீசினால் பின்வீச்சு தலைக்கு மேல் வராது. வலப்பக்கம் மீன் தெரிந்தால் உடம்பை முறுக்காமல் படகைத் திருப்புங்கள். பலர் விழுவது அந்த முறுக்கலில்தான்.