டிஸ்க் இமேஜில் கிரப்: அது எந்த மெஷினைப் பார்க்கிறது?

லினக்ஸ் டிஸ்க் இமேஜ் தயாரிப்பில் பார்ட்டிஷன் பிரிப்பது, ஃபைல்சிஸ்டம் போடுவது, பேக்கேஜ் இறக்குவது எல்லாம் இமேஜுக்குள்ளேயே முடிந்துவிடும். பூட்லோடர் அப்படியல்ல. கெர்னலை ஏற்றும் பூட்லோடர்களில் ஒன்றான கிரப்பைப் பதிக்கும் கமாண்ட் கிரப்-இன்ஸ்டால்; அது, தான் ஓடும் மெஷினைச் சுற்றிப் பார்த்து முடிவெடுக்கும். நாம் தயாரிப்பதோ இன்னும் பிறக்காத வேறொரு மெஷினுக்கு. பூட் ஆகாத இமேஜ்களைத் தோண்டினால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும்.

பயாஸ் (மதர்போர்டின் பழைய வகை தொடக்க மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர்) பூட்டில் சங்கதி எளிது. முதல் செக்டர் 512 பைட், அதில் பூட் கோடுக்கு 440 பைட்தான். அவ்வளவு சின்ன கோடுக்கு ஃபைல்சிஸ்டம் படிக்கத் தெரியாது. கிரப்பின் அடுத்த கட்டமான கோர் இமேஜ் எந்த செக்டரில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். எம்பிஆர் (பழைய வகை பார்ட்டிஷன் அட்டவணை) டிஸ்க்கில் முதல் பார்ட்டிஷனை 2048-வது செக்டரில் தொடங்கினால், முன்னால் உள்ள காலி இடத்தில் கோர் இமேஜ் உட்கார்ந்துகொள்ளும். ஜிபிடி (புதிய வகை அட்டவணை) டிஸ்க்கில் அந்த இடத்தை நம்ப முடியாது. 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒன்று வேண்டும். பார்ட்டிஷன் பிரிக்கும் எஸ்ஜிடிஸ்க் கருவியில் அதன் வகை ஈஎஃப்02. ஃபார்மேட்டும் வேண்டாம், மவுன்ட்டும் வேண்டாம். இதை மறந்தால் கிரப் 'பிளாக்லிஸ்ட்' (கோர் இமேஜ் ஃபைல் இருக்கும் செக்டர்களின் பட்டியல்) என்று முனகும். ஃபோர்ஸ் ஆப்ஷன் கொடுத்து அதன் வாயை அடைக்காதீர்கள். கோர் இமேஜ் ஃபைல் டிஸ்க்கில் இடம் மாறிய அன்று பூட் போய்விடும்.

கிரப்புக்குப் பதில் சிஸ்லினக்ஸ் என்றால், அந்த 440 பைட்டை டிடி கமாண்டில் நாமே எழுத வேண்டும். இமேஜ் ஃபைலின் மேல் நேரடியாக எழுதும்போது 'நோட்ரங்க்' (ஃபைலை வெட்டாதே என்ற ஆப்ஷன்) விட்டுப்போனால் 4 ஜிபி இமேஜ் 440 பைட்டாகச் சுருங்கிவிடும். எரர் எதுவும் வராது.

பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ பக்கம்தான் வம்பு அதிகம். சாதாரண இன்ஸ்டாலில் கிரப் தன் ஃபைலை இஎஃப்ஐ பார்ட்டிஷனில் டிஸ்ட்ரோ பெயருள்ள ஃபோல்டரில் வைத்துவிட்டு, அதன் முகவரியை மதர்போர்டின் என்விரேமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) பதிவு செய்யும். இமேஜுக்கு என்விரேம் கிடையாது. அதனால் பதிவு, இமேஜைக் கட்டும் பில்ட் சர்வரின் என்விரேமில் போய் விழும். அதே பெயரில் ஏற்கெனவே பதிவு இருந்தால் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போடும். டெபியன் சர்வரில் டெபியன் இமேஜ் கட்டினால் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். அடுத்த ரீபூட்டில் சர்வரே எழுந்திருக்காமல் போகலாம். இதற்கு 'நோ-என்விரேம்', 'ரிமூவபிள்' என்று இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்தே கொடுங்கள். ரிமூவபிள் கொடுத்தால் ஃபைல் இஎஃப்ஐ/பூட்/பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற பொதுப் பாதையில் விழும். என்விரேமில் எதுவும் இல்லாதபோது ஃபர்ம்வேர் தேடிப் போவது அங்கேதான். சிகூரூட்டுக்குள் (இமேஜையே ரூட்டாக வைத்து கமாண்ட் ஓட்டும் சூழல்) என்விரேமை எட்டும் வழியான இஎஃப்ஐவார்ஸை மவுன்ட் செய்யாமல் விட்டால் இன்னும் நிம்மதி.

பயாஸ், யூஇஎஃப்ஐ இரண்டிலும் பூட் ஆக வேண்டுமென்றால் ஈஎஃப்02 பார்ட்டிஷனும் ஃபேட்32 இஎஃப்ஐ பார்ட்டிஷனும் வைத்து, டார்கெட்டை மாற்றி கிரப்-இன்ஸ்டாலை இரண்டு முறை ஓட்டலாம். டெபியனில் கிரப்-பிசியும் கிரப்-இஎஃப்ஐயும் ஒன்றாகச் சேராது. 'பின்' என்று முடியும் பேக்கேஜ்கள் சேரும்.

அடுத்தது கன்ஃபிக். கிரப்பின் மெனு ஃபைலை எழுதும் கிரப்-எம்கேகன்ஃபிக், ரூட் பார்ட்டிஷனின் யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணைக் கண்டுபிடித்தாலும், டெவ்/டிஸ்க்/பை-யூயூஐடியில் அதற்கான லிங்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதும். இந்த லிங்க்குகளை உருவாக்கும் யூடெவ் ஓடாத கன்டெய்னரில் அந்த லிங்க் இருக்காது. விளைவு, கெர்னல் வரியில் ரூட்=/டெவ்/லூப்0பி2 என்று, சர்வரில் இமேஜுக்கு இருந்த தற்காலிகப் பெயர் பதிந்துவிடும். கிரப் மெனு அழகாக வரும், கெர்னலும் ஏறும், அதன் பிறகு இல்லாத டிஸ்க்குக்காக, ரூட்டை மவுன்ட் செய்ய வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் காத்துக்கிடக்கும். பில்ட் முடிவில் கன்ஃபிக் ஃபைலில் 'லூப்' என்ற சொல்லைத் தேடி, கிடைத்தால் பில்டையே நிறுத்துங்கள். 2.06-க்கு முந்தைய கிரப் என்றால் மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபரையும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சர்வரின் ஓஎஸ்ஸும் மெனுவில் ஏறிக்கொள்ளும்.

'அன்நோன் ஃபைல்சிஸ்டம்' என்று கிரப் நின்றால் ஈஎக்ஸ்டி4-ஐச் சந்தேகப்படுங்கள். 2023-ல் வந்த, ஈஎக்ஸ்டி4 உருவாக்கும் கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47, மெட்டாடேட்டா_சிசம்_சீட் என்ற அம்சத்தை இயல்பாகவே போட ஆரம்பித்தது. கிரப் 2.06-க்கு அது புரியாது, 2.12-க்குப் புரியும். புது சர்வரில் பழைய டிஸ்ட்ரோவுக்கு இமேஜ் கட்டுகிறவர்கள் எம்கேஎஃப்எஸ்ஸில் அதையும் ஆர்ஃபன்_ஃபைல் என்ற இன்னொரு அம்சத்தையும் அணைத்துவிடுங்கள்.

க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் மெஷினில் சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும், அதற்கான யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரான ஓவிஎம்எஃப்பின் வார்ஸ் ஃபைலை (அதன் என்விரேம்) புதிதாக நகலெடுங்கள். பழைய ஃபைலில் முந்தைய பூட் பதிவு ஒட்டிக்கொண்டிருந்தால், பொதுப் பாதையில் ஒன்றுமே இல்லாத இமேஜும் உங்களிடம் மட்டும் பூட் ஆகும்.